ஃபேமிலி பெயர்

மலேசியாவின் கோலசிலாங்கூர் கடைத்தெருவில் அபுபக்கர் பாய் அளவுக்கு விமானம் ஏறியவர் எவரும் இல்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். அவருடைய பாஸ்போர்ட் விண்ணப்பம், கடை லைசன்ஸ், சாக்கடை அடைத்துக்கொண்டதற்குப் போட்ட புகார், எல்லாவற்றையும் டைப் அடித்துக் கொடுத்தவன் நான்தான். பெயர் தேவதாஸ். பஸ் நிலையத்துக்கு எதிரே எனக்கு ஒரு மேசையும் ஒரு டைப்ரைட்டரும் உண்டு. வாயும் கொஞ்சம் அதிகம்.

பாயின் அத்தா கனி, தோப்புத்துறையிலிருந்து கப்பலில் வந்து துணிக்கடை போட்டவர். அவருக்குப் பிறகு அந்தக் 'கனி ஸ்டோர்' பாயிடம் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாய் மெட்ராசுக்குப் பறந்து, சேலையும் வேட்டியும் எடுத்துக்கொண்டு திரும்புவார். சுற்றுவட்டாரத் தோட்ட லயங்களில் தீபாவளிக்குக் கட்டிய சேலைகளில் பாதி அவர் பெட்டியில் வந்தவை. ஆள் ஒல்லி, பெட்டிகள்தான் குண்டு.

அவர் ஊரில் இல்லாத நாள்களில் கடையைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி கரீமா. மூன்று பிள்ளைகள், சமையல், கடை, மூன்றும் அவர் தலையில். தோப்புத்துறையில் இருந்த தன் உம்மாவை அவர் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. "இவுகளுக்கு ஆகாசம், எனக்குக் கடை" என்று ஒருநாள் என் காதுபடவே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் பாய் அன்றைக்கு டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எண்பத்தேழாம் வருடம் விமானக் கம்பெனிகள் அடிக்கடி பறப்பவர்களுக்கென்று பயண அட்டை கொடுக்க ஆரம்பித்தன. பாங்குக்காரர்களும் கடன் அட்டையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். பாய் நான்கு விளம்பரத் தாள்களை என் மேசையில் பரப்பினார். எனக்குத்தான் கொண்டாட்டம்.

முதல் கம்பெனியின் அட்டை இருந்தால் விமான நிலையத்தில் குளிர்சாதன அறையில் மெத்தை நாற்காலியில் உட்காரலாம், பீர் இலவசம். "இதையே எடுங்க பாய், கௌரவம் லா" என்றேன்.

"குடிக்காதவனுக்குப் பீர் எதுக்கு தேவா? நாற்காலி என் கடையிலயே இருக்கு."

அவர் விரல் இரண்டாவது கம்பெனியின் தாளில் நின்றது. அதில் மெத்தையும் இல்லை, பீரும் இல்லை. பெட்டிக்குப் பத்துக் கிலோ கூடுதல். பன்னிரண்டு முறை போய்வந்தால் ஒரு டிக்கெட் சும்மா. "அந்த டிக்கெட்டு என் ஃபேமிலிக்கு" என்றார். அதற்கு மேல் விவாதமே இல்லை.

கடன் அட்டையிலும் இப்படித்தான். வருடக் கட்டணமே இல்லாத அட்டையை நான் சிபாரிசு செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம், ஆனால் வட்டி உண்டு. மற்றதற்கு வருடக் கட்டணம் அதிகம், மாதக் கடைசியில் முழுதையும் கட்டியாக வேண்டும். ஆனால் அதில் டிக்கெட் வாங்கினால் தொலைந்த பெட்டிக்கு நஷ்டஈடு கிடைக்கும். பாய் இரண்டாவதையே எடுத்தார். வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் முதல் தாளைச் சுண்டுவிரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்குக் கோபம்தான். என் பேச்சைக் கேட்க மாட்டார் என்றால் என் மேசையில் எதற்காகத் தாளைப் பரப்ப வேண்டும்?

அந்தக் கோபத்தில்தான் தப்பு நடந்தது. மறுவாரம் பயண அட்டையின் விண்ணப்பத்தோடு வந்து நின்றார். நான் டைப்ரைட்டர் ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தேன், இரண்டு கையிலும் மை.

"தேவா, இதுல ஃபேமிலி நேம்னு கேட்டிருக்கானே, என்னா எழுதுறது?"

"ஃபேமிலி பேரைக் கேட்டா ஃபேமிலி பேரை எழுதுங்க பாய். இது ஒரு கேள்வியா லா?"

தலையாட்டிவிட்டுப் போய் அவரே எழுதி அனுப்பிவிட்டார். அட்டை வந்தது. அதை பாஸ்போர்ட் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் பன்னிரண்டு முறை போய்வந்தார். ஒவ்வொரு முறையும் கவுண்டரில் அட்டையைக் காட்டினார், அவர்களும் எண்ணை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள்.

எண்பத்தொன்பது ஆகஸ்டில் தந்தி வந்தது. கரீமாவின் உம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார், உடனே அனுப்பவும். தீபாவளிச் சரக்குக்குப் பணம் முழுவதையும் போட்டிருந்தார் பாய். வேறு டுயிட், அதுதான் காசு, புரட்ட வழியில்லை. கடன் அட்டையில் எடுத்தாலும் மாதக் கடைசியில் முழுதையும் கட்டியாக வேண்டும். இருந்தது அந்த இலவச டிக்கெட் ஒன்றுதான். மறுநாள் காலை பஸ்சில் கோலாலம்பூருக்குக் கிளம்பினோம். ஆங்கிலம் பேச நானும் கூடப் போனேன்.

விமானக் கம்பெனி அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண்ணின் சட்டையில் அமராவதி என்று பெயர்ப் பட்டை இருந்தது. அட்டையையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"அங்கிள், பாஸ்போர்ட்ல அபுபக்கர் பின் கனின்னு இருக்கு. அட்டையில அபுபக்கர் கரீமான்னு இருக்கே? ரெண்டும் வேற வேற ஆளு மாதிரி இருக்கு. இப்படி இருந்தா பறந்த கணக்கெல்லாம் கேன்சல் ஆயிடும்."

எனக்குக் காது சுட்டது. அட்டையை அன்றுதான் நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மை படிந்த கையோடு நான் சொன்ன பதில் அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. கடைத்தெருவில் எந்தத் தமிழன் தன் மனைவியை மனைவி என்று சொல்கிறான்? ஃபேமிலிக்கு உடம்பு சரியில்லை, ஃபேமிலி ஊருக்குப் போயிருக்கு. குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மில் எவனுக்கு இருக்கிறது? இருப்பது அப்பன் பெயர்தான், அந்த இடத்தில் கனி என்று எழுதியிருக்க வேண்டும். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் எழுதிய மனிதரைக் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் என் மேல்.

"கரீமாங்கிறது யாரு?" என்றார் அமராவதி.

"என் ஃபேமிலி" என்றார் பாய்.

அந்தப் பெண் ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கப்பாவும் எங்கம்மாவை அப்படித்தான் அங்கிள் சொல்லுவாரு. நாங்க சுங்கை சோ ஊர்க்காரங்க." எழுந்து உள்ளே போய்ப் பாயின் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்துவந்தார்.

"இன்னொரு சிக்கல் இருக்கு. இலவச டிக்கெட் அட்டைக்காரருக்குத்தான். வேற ஆளுக்குக் கொடுக்கணும்னா, சேரும்போதே கீழ இருக்கிற கட்டத்துல உறவுக்காரர் ஒருத்தர் பேரை எழுதியிருக்கணும். பின்னால சேர்க்க முடியாது. நீங்க அதை ஏன் அங்கிள் காலியா விட்டுட்டீங்க?"

"அதான் மேலேயே எழுதிட்டேனே அம்மா. ஒரே பேரை எதுக்கு ரெண்டு தடவ எழுதணும்?"

அமராவதி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்குவது தெரிந்தது. தமிழர்கள் மனைவியை எப்படிக் குறிப்பிடுவார்கள் என்று ஒரு மலாய்க்கார அதிகாரிக்கு ஆங்கிலத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாய் உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கூப்பிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து அமராவதி திரும்பி வந்தார். "பாஸ் ஒத்துக்கிட்டாரு அங்கிள். நீங்க கீழ எழுத வேண்டியதை மேல எழுதிட்டீங்க, அவ்வளவுதான். சேரும்போதே ஆன்ட்டி பேரைக் கொடுத்திருக்கீங்க, அது போதும். வியாழக்கிழமை விமானத்துல சீட் இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பாய் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது. வெளியே வந்ததும், "பாய், தப்பு என்னுது" என்றேன். "நீ சொன்ன பேரை எழுதினதாலதானே டிக்கெட்டு கிடைச்சிச்சு? வா, பசிக்குது" என்றார். இரண்டு தட்டு நாசி கண்டார் சோறு சாப்பிட்டேன், அன்றைக்குக் காசு கொடுத்தது நான்.

உம்மா பிழைத்துக்கொண்டார். கண் விழித்தபோது கரீமா கட்டிலருகே இருந்தாராம். அது பிறகு கடிதத்தில் தெரிந்த சங்கதி. நான் சொல்ல வந்தது வியாழக்கிழமை சுபாங் விமான நிலையத்தில் நடந்ததை.

புது அட்டையில் கனி என்று சரியாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பழையதன் ஓரத்தை வெட்டிவிட்டு, பாய் கேட்டுக்கொண்டதால் அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார் அமராவதி. உள்ளே போகும் நேரத்தில் பாய் அதை எடுத்துக் கரீமாவிடம் நீட்டி நடந்ததைச் சொன்னார். கரீமாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது.

"இதுல என் பேரு எங்க இருக்கு?"

பாய் அவர் கையைப் பிடித்து அந்தப் பெயரின் மேல் வைத்தார். எழுத்துகள் அட்டையில் புடைத்திருந்தன. கரீமா விரலால் அவற்றை ஒவ்வொன்றாகத் தடவினார், திரும்பவும் தடவினார்.

"அப்ப பன்னெண்டு தடவையும் நானும் கூட வந்திருக்கேன்" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாக்கும்?"