பேச்சியம்மாவும் கரிக்கோச்சியும்

பேச்சியம்மா பயந்த சுபாவம். இது தேயிலைத் தோட்டத்துக்கே தெரியும். இடி இடித்தால் லயத்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். மலையில் சிறுத்தை நடமாடுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால், மறுநாள் கொழுந்து பறிக்கும்போது ஓர நிரைக்குப் போகவேமாட்டார். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டார். கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்யும் மகள் பிரேமினி புது எண் வாங்கியபோது, அம்மாவிடம் பேசப் பக்கத்து வீட்டு நாகலெட்சுமியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

வயது நாற்பத்தாறு. பதினெட்டில் கொழுந்து பறிக்க மலையேறியவர் இன்னும் இறங்கவில்லை. கணவர் மாயாண்டி இறந்த வருடம், வீடு வெறுமையாக இருக்கிறது என்று ஒரு மாடு வாங்கினார். செவலை நிறம், பெயரும் செவலைதான். போன தடவை அதன் கன்று செத்துப் பிறந்தது. இரண்டு நாள் மாடு கத்தியது, கூடவே பேச்சியம்மாவும் அழுதார். இப்போது செவலை மறுபடியும் சினை. கடைசி மாதம். இந்தக் கன்றாவது உயிரோடு விழ வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதல் இல்லை.

வட்டகொடைக்கு மேலே ரயில் பாதை ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. அதன் மேல்வாய்க்குப் பக்கத்தில் இவர்களுடைய தொழிலாளர் குடியிருப்பான லயம். கீழ்வாயில் கடை, கோயில், பஸ். மலையைச் சுற்றிப் போனால் நெடுந்தூரம் என்பதால் எல்லோரும் சுரங்கத்துக்குள்ளேதான் நடப்பார்கள். ரயில் அவர்களுக்குக் கோச்சி. ஒரே ஒரு விதி: கோச்சி போகும்வரை நில், போன பிறகு நட. எந்தக் கோச்சி எப்போது வரும் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒன்று போய்விட்டால் அடுத்தது வரும்வரை பாதை அவர்களுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சியம்மா மேல்வாய்க் கரையில் செவலையை மேய்த்துக்கொண்டிருந்தார். நாகலெட்சுமி புல் அறுத்துக்கொண்டிருந்தார். தண்டவாளத்துக்கு எதிர்க்கரையில் வெளிநாட்டுக்காரர் சிலர் கேமராக்களை முக்காலியில் பொருத்திக் காத்திருந்தார்கள்.

"நம்மளயா படம் புடிக்கப் போறாங்க?" என்றார் பேச்சியம்மா.

"ஆமா, ஒன் மூஞ்சியப் பாக்கத்தான் பிளேன் ஏறி வந்திருக்காங்க. அந்தக் காலத்துக் கரிக்கோச்சி வருதாம் பேச்சிக்கா. வெள்ளக்காரங்க வாடகைக்கு எடுத்ததாம்."

சொல்லி முடிக்கும் முன்பே சுரங்கத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. வழக்கமான டீசல் இரைச்சல் இல்லை; மலையே மூச்சு வாங்குவதுபோல் இருந்தது. முதலில் புகை வந்தது. பிறகு கறுப்பு எஞ்சின் வெளியே பாய்ந்து, நேராகச் செவலையின் காதுக்குள் ஊதியதுபோல் விசில் அடித்தது.

செவலை டீசல் கோச்சிக்குப் பழகிய மாடு. இந்தச் சத்தத்தை அது கேட்டதே இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு கரையில் அப்படியும் இப்படியும் ஓடியது. கடைசிப் பெட்டி வெளியே வந்ததும், எஞ்சினுக்கு எதிர்த்திசையில் கண்ட ஒரே வழியில், சுரங்கத்துக்குள், புகுந்துவிட்டது.

"ஐயோ செவல!"

"ஏங்க்கா கத்துற? கோச்சிதான் போயிருச்சே! இனிப் பின்னேரந்தான் அடுத்தது. போய்ப் புடிச்சிட்டு வா" என்றார் நாகலெட்சுமி. தோட்டத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பேச்சியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

புகை இடுப்புக்கு மேல் தொங்கியது. எண்ணெய் கருகிய நாற்றம். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் கழுத்தில் விழும்போதெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது. "செவல, செவல" என்று கூப்பிட்டபடி நடந்தார். மாடு தண்டவாளங்களுக்கு நடுவே நின்றிருந்தது. வயிறு ஏறி இறங்கியது. அறுந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது கால்களை ஊன்றிக்கொண்டது.

"வாடி தங்கம். ஒண்ணுமில்ல. போயிருச்சு. போன கோச்சி வராது."

திரும்பிப் பார்த்தார். வந்த வழியில், புகைக்கு அப்பால், சுரங்கத்தின் வாய் வெள்ளை வட்டமாகத் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டம் அணைந்தது.

மூடுபனி என்று நினைத்தார். அப்புறம் முகத்தில் காற்று அடித்தது. சுரங்கத்துக்குள் கோச்சி நுழைந்தால் மட்டும் அடிக்கும் காற்று.

அவருக்குத் தெரியாதது இதுதான். படம் எடுப்பவர்களுக்காக, எஞ்சின் புகை கக்கிக்கொண்டு வெளியே வருவதை இன்னொரு தடவை காட்ட, ரயிலைச் சுரங்கத்துக்குள்ளேயே பின்னால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் மேலே, பெட்டிகள் முன்னே. இறக்கம் என்பதால் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. கும்மிருட்டில், சத்தமே இல்லாமல், கடைசிப் பெட்டி அவரை நோக்கி உருண்டு வந்தது.

எங்கோ ஒரு சின்ன விசில் கேட்டது. முன்னாலா பின்னாலா என்று புரியவில்லை. ஆள் ஒதுங்குவதற்குச் சுவரில் குடைந்த பொந்து ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. பேச்சியம்மா அதற்குள் முதுகை ஒட்டிக்கொண்டார். அதில் ஒரு ஆள் நிற்கலாம். மாடு நிற்க முடியாது. கயிற்றை இழுத்தார், செவலையின் தலை மட்டும் அவர் பக்கம் திரும்பியது. வயிறு தண்டவாளத்தின் மேலேயே இருந்தது.

கயிற்றை விட்டுவிடு என்றது உடம்பு. கை விடவில்லை. கத்தினார், அது அவருக்கே கேட்கவில்லை. போன் பிடித்த கை கட்டுக்கடங்காமல் ஆடியது. வெளிச்சம் எதிர்ச்சுவருக்கும் மாட்டுக்கும் தண்டவாளத்துக்குமாகத் தாறுமாறாகப் பாய்ந்தது.

கடைசிப் பெட்டியின் வாசலில் நின்றிருந்த கார்ட் அதைப் பார்த்தார். பாதையின் குறுக்கே ஆடும் விளக்கு என்றால் அவர் படித்த பாடத்தில் ஒரே அர்த்தம்தான். பிரேக்கைப் பிடித்தார். இரும்பு கிறீச்சிட்டது. பெட்டியின் மோதுகட்டை செவலையின் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது.

"கவுத ஒதன?" யார் அங்கே என்று கார்ட் சிங்களத்தில் கத்தினார்.

"மம மாத்தயா, மம!" நான்தான் ஐயா, நான்தான். தன் பெயர்கூட அவருக்கு வாயில் வரவில்லை.

கார்ட் இறங்கி வந்தார். மாட்டைப் பார்த்தார், அதன் வயிற்றைப் பார்த்தார், திட்ட வந்ததை விழுங்கினார். ரயிலை மேலே ஏற்றினால் எஞ்சின் புகை முழுவதும் உள்ளே வரும், மாட்டோடு கீழ்வாய்க்குத்தான் இறங்க வேண்டும் என்றார். அவர் விளக்கோடு முன்னால் நடந்து கயிற்றை இழுத்தார்; பேச்சியம்மா வாலைப் பிடித்துத் தள்ளினார். அவர்கள் வெளியேறும்வரை ரயில் அசையாது என்று கார்ட் சொல்லியிருந்தார். போன கோச்சி வராது என்றுதான் இத்தனை வருடம் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பேச்சியம்மா நான்கு அடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

வெளியே வெயில். பேச்சியம்மா கீழ்வாய்க் கரையில் அப்படியே உட்கார்ந்தார். செவலை பக்கத்தில் படுத்துக்கொண்டது. ரயில் இறங்கி வந்து, நின்று, புகை கக்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே ஏறியது. மலைக்கு அந்தப் பக்கம் யாரோ கைதட்டுவது கேட்டது.

நாகலெட்சுமி மலையைச் சுற்றி ஓடி வந்தார். செருப்பு இல்லை, கையில் அரிவாள் அப்படியே இருந்தது.

"போச்சுன்னு நெனச்சேன்க்கா! நாந்தான் போகச் சொல்லிக் கொன்னுட்டேன்னு..."

"மொதல்ல அந்தக் கத்திய கீழ போடு, பயமா இருக்கு."

நாகலெட்சுமி அழுகையும் சிரிப்புமாக அதை வீசினார். பேச்சியம்மா செவலையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொடவில்லை.

"நீ கை வச்சுப் பாரு நாகு. என்னால ஆகாது."

நாகலெட்சுமி மண்டியிட்டு விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். கையை இடம் மாற்றி இன்னொரு தடவை வைத்தார். பேச்சியம்மா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"பேச்சிக்கா."

"சொல்லாத. செத்துருச்சுன்னா சொல்லாத."

"உள்ளேருந்து என் கைய ஒதைக்குது, நீ வேற."