கொட் மீன் பிடிக்க ஒரு பேப்பர்

எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அப்பா எங்கள் ஃப்ரீசரின் அடி லாச்சியை இழுத்து, உள்ளே இருந்த கோழியையும் பட்டாணியையும் முருங்கைக்காய்த் துண்டுகளையும் எடுத்து மேசையில் அடுக்கினார். லாச்சியைக் கழுவித் துடைத்து, வெறுமையாகவே திரும்பச் செருகினார். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த அம்மா, இது என்ன வேலை என்று கேட்டார். கொட் மீனுக்கு இடம் வேண்டும் என்றார் அப்பா. மீன் அப்போது நோர்வேயின் வடக்குக் கடலில் தன்பாட்டில் நீந்திக்கொண்டிருந்தது. நாங்கள் சுவிசில், வின்டர்தூர் நகரத்தில், மூன்றாம் மாடியில் இருந்தோம்.

கோழியை அம்மா பல்கணியில் வைத்தார். குளிர்காலம் என்றபடியால் அது பழுதாகவில்லை. காகம்தான் ஒரு காலைக் கொத்திவிட்டது. அந்தக் காலுக்காக அப்பா பங்குனி வரைக்கும் பேச்சு வாங்கினார்.

நோர்வேயில் இருந்தவர் பெரியப்பா, அப்பாவுக்கு ஒரே அண்ணன். அங்கே மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. சொந்தமாக ஒரு சின்னப் படகும் எஞ்சினும் வைத்திருந்தார். மன்னார்க் கரையில் இருவரும் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்தே தங்கள் அப்பாவின் வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள். பிறகு நாட்டில் சண்டை வந்து, ஒருவர் நோர்வேக்கும் ஒருவர் சுவிசுக்குமாகப் போனார்கள். அப்பா முதலில் டாவோசில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். நான் பிறந்தபோது வின்டர்தூரில் ஒரு தொழிற்சாலைக் கன்டீனுக்கு மாறியிருந்தார். பதினான்கு வருடமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வைபரில் பார்ப்பதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஒரு பெரிய மீனைத் தூக்கித் தொலைபேசிக்கு நேரே பிடித்தார். அவருடைய முகம் தெரியவில்லை. மீனின் முகம்தான் தெரிந்தது.

"டேய் தம்பி, பார். உன்ர மோளின்ர பாரம் இருக்கும். மாசியில இதை விடப் பெரிசு வரும். எப்ப வாறாய்?"

"வாறன் அண்ணை. இந்தமுறை வாறன்."

இப்படித்தான் லாச்சி காலியானது.

அப்பா என்னுடைய கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்து அதில் பட்டியல் எழுதத் தொடங்கினார். றப்பர் சப்பாத்து மூன்று சோடி. கம்பளிக் கையுறை. ஈயக் குண்டு. மிளகாய்த்தூள், ஏனென்றால் பெரியம்மா போடும் உறைப்பு போதாதாம். மன்னாரில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு கடலுக்குப் போன மனிதர், என் பாதத்தைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் கோடு கீறி அளவெடுத்தார். கன்டீனில் வெள்ளிக்கிழமைகளில் ரொட்டித்தூள் பூசிப் பொரிப்பதும் கொட் மீன்தான், ஆனால் அது சதுரமாக வரும். சதுரமாக ஒரு மீனும் கடலில் இல்லை, உனக்கு உண்மையான கொட் மீனைக் காட்டுகிறேன் என்று அப்பா சொன்னார். நான் அதுவரை கடலைக் கண்டதே இல்லை.

அந்த நாட்களில்தான் வள்ளம் தள்ளுகிற கதையையும் சொன்னார். வள்ளத்தின் முன்பக்கம் தண்ணீரைத் தொட்டதும், தலையில் கட்டிய துண்டை எல்லோரும் அவிழ்த்துவிட்டுச் சிலுவை போடுவார்களாம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறப்பதில்லையாம். நோர்வேயிலும் அப்படிச் செய்ய வேண்டுமா என்று கேட்டேன்.

"செய்யத்தானே வேணும். அண்ணை மறந்திருப்பார். நான் மறக்கேல்லை."

நான் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்: தொப்பி கழற்றிச் சிலுவை. றப்பர் சப்பாத்துக்கும் மிளகாய்த்தூளுக்கும் கீழே.

பழைய சாமான் கடையில் ஒரு தூண்டில் தடி வாங்கினோம். வலையும் கைக்கயிறும்தான் அப்பாவுக்குப் பழக்கம். சுருள் பூட்டிய தடியை அவர் பிடித்ததில்லை. ஆகவே சனிக்கிழமை பின்னேரங்களில் ட்யோஸ் ஆற்றங்கரைப் புல்வெளிக்குப் போய் எறிந்து பழகினோம். முள்ளுக்குப் பதிலாக நுனியில் ஓர் உருளைக்கிழங்கைக் கட்டியிருந்தோம். நான் ஓடிப்போய் உருளைக்கிழங்கு விழுந்த இடத்தில் நிற்பேன். அப்பா சுருளைச் சுற்றி அதை இழுப்பார். நான் மீன் மாதிரி அடம்பிடிப்பேன்.

அப்படி ஒரு நாள், நாயோடு நடந்துவந்த வயதான சுவிஸ்காரர் ஒருவர் நின்று பார்த்தார். மிக மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, உங்களிடம் மீன்பிடி அட்டை இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் நின்றது புல்லில். நுனியில் தொங்கியது கிழங்கு. ஆனாலும் அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மூன்று தரம் சொல்லி, நூலைச் சுற்றி, தடியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். கோட்டுக்கு மேலே தடி இரண்டு அடி நீட்டிக்கொண்டு நின்றது.

வீட்டுக்கு வந்து அவர் முடிவாகச் சொன்னார். இந்த நாட்டில் ஒரு கிழங்கை எறிந்தாலே பேப்பர் கேட்கிறார்கள். கொட் மீன் பிடிக்க நோர்வேக்காரன் கேட்காமல் விடுவானா? பெரியப்பா அங்கத்தைய ஆள், அவரிடம் எல்லாப் பேப்பரும் இருக்கும். நாங்கள் வெறுங்கையோடு போய் நின்றால் அவருக்குத்தான் அவமானம். ஆகவே முதலில் இங்கேயே பேப்பர் எடுக்க வேண்டும்.

பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தம்பி பேப்பரோடு வந்து இறங்கி அவரை அசத்த வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கேட்கவில்லை.

பேப்பர் என்றால் அரைநாள் வகுப்பு, முடிவில் ஒரு பரீட்சை. எல்லாம் ஜெர்மன் மொழியில். அதற்கு ஒரு புத்தகமும் இருந்தது. அப்பாவின் ஜெர்மன், சமையலறை ஜெர்மன். "கெதியா", "சூடு", "முடிஞ்சுது" என்பவற்றை அவர் சுவிஸ்காரரை விட வேகமாகச் சொல்வார். புத்தகத்தில் அந்தச் சொற்கள் ஒன்றும் இல்லை. ஆகவே நான் ஆசிரியை ஆனேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு நடந்ததை எல்லாம் வட்டியோடு அவருக்குத் திருப்பிச் செய்தேன்.

"அளவு காணாத சின்ன மீன் பட்டால் என்ன செய்யவேணும்?"

"சொதி வைக்கலாம்."

"அப்பா!"

"சரி, சரி. கையை நனைச்சுப்போட்டுத் தொட்டு, மெல்லமா தண்ணியில விடவேணும்."

மீனைக் கொல்வதற்கு முன் தலையில் அடித்து மயக்க வேண்டும் என்ற பாடத்தில் அவர் வெகுநேரம் நின்றார். இந்த நாட்டில் மீனுக்கும் நோகக்கூடாது என்று நினைக்கிறார்கள், நல்ல சனம்தான் என்றார். ஆற்று மீன்களின் படங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மன்னாரில் ஒரு சொந்தக்காரனைக் கண்டுபிடித்தார். அந்தச் சொந்தக்காரனின் பெயரைச் சொன்னால் புள்ளி இல்லை என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கும் அவசரம் இருந்தது. வகுப்பில் நான் கொட் மீனைப் பற்றி ஓர் உரை ஆற்றியிருந்தேன். முடிவில், மாசி மாதம் நாங்கள் நோர்வே போகிறோம், வரும்போது ஒரு மீன் தலை கொண்டுவந்து காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மாசியும் வந்தது. நாங்கள் போகவில்லை. ஒரு கடிதமும் எழுத வேண்டும், அது முடியட்டும் என்று அம்மாவும் அப்பாவும் கதைத்தார்கள். பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு கடிதம் இருக்கும், நான் அதைக் காதில் போடவில்லை. பேப்பர்தான் தடை என்று நம்பினேன்.

வகுப்புக்கு நானும் கூடப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். முப்பது பேர் இருந்தார்கள். உங்களில் முன்பு மீன் பிடித்தவர்கள் யார் என்று படிப்பித்தவர் கேட்டபோது எட்டுப் பத்துக் கைகள் உயர்ந்தன. அப்பாவின் கை உயரவில்லை. நான் பின்னால் இருந்து முதுகில் குத்தினேன். அவர் அசையவில்லை. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே இருந்த எல்லாரையும் விட உங்களுக்குத்தான் மீன் தெரியும், ஏன் கையைத் தூக்கவில்லை என்று கேட்டேன்.

"பேப்பர் இல்லாமல் பிடிச்சனான் எண்டு அவையிட்டச் சொல்லலாமோ, பிள்ளை?"

பரீட்சையில் பாஸ் பண்ணினார். இரண்டு பிழைதான். இரண்டும் நான் பிழையாகச் சொல்லிக்கொடுத்தவை. இதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

அட்டை தபாலில் வந்தது. அப்பா அதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்ப முடியுது எண்டு போட்டிருக்குது?"

முடிவதே இல்லை என்றேன். நம்பவில்லை. வடிவாக வாசி என்றார். வாசித்தேன். திகதி ஒன்றும் இல்லை, சாகும் வரைக்கும் செல்லும் என்றேன். அப்பா அட்டையை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு மீன் அட்டைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்த ஞாயிறு வைபரில் அப்பா அட்டையைத் தொலைபேசிக்கு நேரே பிடித்தார், பெரியப்பா மீனைப் பிடித்தது போல. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

"கொட் பிடிக்க, அண்ணை."

"கடலில தூண்டில் போடப் பேப்பரோ? விசரே உனக்கு? இஞ்ச ஒண்டும் தேவையில்லை. தடியைக் கொண்டுவந்து போடவேண்டியதுதான்."

சொல்லிவிட்டுப் பெரியப்பா சிரித்தார். பின்னால் நின்ற பெரியம்மாவும் சிரித்தார். அப்பாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றும் தேவையில்லை என்றால், அடுத்த கிழமையே போகலாமே? மீன் இருக்கிறது, படகு இருக்கிறது, சப்பாத்து இருக்கிறது, லாச்சி இருக்கிறது.

தொலைபேசியை வைத்ததும் கேட்டேன். வாற வருசம் பார்ப்போம் என்றார் அப்பா.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வகுப்பில் மீன் தலைக்காகக் காத்திருந்த இருபத்திரண்டு பேருடைய முகமும் முன்னால் வந்தது. "உங்களுக்குக் கடல் பயம், அதுதான் சாட்டுச் சொல்லுறியள்" என்று கத்தினேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை. கொஞ்சம் பயம்தான்."

அதற்குப் பிறகு பத்து நாள் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பயந்தாங்கொள்ளி அப்பாவுக்குப் பிறந்துவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினேன்.

நாங்கள் நோர்வேக்குப் போனது எனக்குப் பன்னிரண்டு வயதில். நான் படகில் ஏறியதிலிருந்து இறங்கும் வரைக்கும் சத்தி எடுத்தேன். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள், அரைமணித்தியாலத்தில் தூண்டில் முள்ளுக்குச் சண்டை பிடித்தார்கள். லாச்சி நிறைந்தது. நோர்வேக்குப் போவதற்கு முதல்நாள், பெட்டி அடுக்கும்போதுதான் அம்மா சொன்னார், அதுவரை எங்களிடம் இருந்தது எஃப் விசா என்று. இங்கே இருக்கலாம், நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ஓர்லிகோனில் இருந்த சித்தி வீட்டார் சனிக்கிழமைகளில் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் இறைச்சி வாங்குவார்கள். எங்களுக்கு இங்கத்தைய இறைச்சிதான் ருசி என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததும் அதனால்தான். வெளியே போய்வர விடுகிற பி விசா கேட்டு முன்பு ஒரு தடவை எழுதியபோது, மொழி போதாது, இந்த நாட்டு வாழ்க்கையோடு ஒட்டியதற்கு ஆதாரம் காணாது என்று பதில் வந்ததாம். விசா கிடைத்த அந்த இரண்டாம் தடவை எழுதியது, எனக்குப் பத்து வயதாக இருந்த அந்தப் பங்குனியில்.

அதைத் தபாலில் போட்ட நாள் எனக்கு நல்ல ஞாபகம். கோபம் தீராத பத்து நாளில் அதுவும் ஒன்று. சனிக்கிழமை அப்பா என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போய், மீன்பிடி அட்டையை மூன்று பிரதி எடுத்தார். கொட் மீனுக்குக் காட்டவோ என்று குத்தலாகக் கேட்டேன். கேட்டாலும் கேட்கும் என்றார். ஒரு பிரதி பெரியப்பாவுக்கு. ஒன்று எங்கள் ஃபிரிட்ஜ் கதவுக்கு. மூன்றாவதை மடிக்காமல், ஒரு பெரிய மண்ணிறக் கடித உறைக்குள் வைத்தார். அதற்குள் ஏற்கெனவே என்னுடைய பள்ளிக்கூட அறிக்கையும், கன்டீன் முதலாளி எழுதிய கடிதமும், வேறு ஏதோ தாள்களும் இருந்தன. முத்திரை ஒட்டுவதற்கு என்னிடம் தந்தார். முகவரியில் ஏதோ அரசாங்கக் கந்தோரின் பெயர் இருந்தது.

"மீன் கந்தோருக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம், ஒரு கந்தோருக்கு."

ஸ்டேஷன் முன்னால் இருந்த மஞ்சள் தபால்பெட்டியில் அப்பா உறையின் ஒரு முனையை நுழைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லத் தள்ளினார். அது உள்ளே விழுந்தது. அப்பா கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டார். பஸ் ஏறும் வரைக்கும் வாய் திறக்கவில்லை.

தபால்பெட்டிக்கு யாராவது சிலுவை போடுவார்களா? எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.