ஆற்றைப் பார்க்காத தெரு

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அவளை எல்லோரும் கிளட்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "கிளட்ச்ச மிதி, கிளட்ச்ச மிதி" என்று கத்திக் கத்தியே குரல் கம்மிப்போனவள். சந்து சந்தாகக் கார் ஓட வைத்ததில் அவளுக்கு ஊரின் மேல் ஒரு பித்துப் பிடித்துக்கொண்டது. எங்கும் போய்ச் சேராத படிக்கட்டு, சந்தின் நட்டநடுவே நிற்கும் விளக்குக் கம்பம், ஒரு முகத்தில் மட்டும் முள் இல்லாத மணிக்கூண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் இப்படி என்று விசாரிப்பாள். விசாரித்ததை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் சுற்றிப் பார்க்கத் தன்னோடு வருகிறவர்களுக்கு நடந்துகொண்டே சொல்வாள்.

"ஊரையே துருவிட்ட. வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு மட்டும் தெரியல," என்பான் வெல்டிங் பட்டறை வைத்திருந்த கணவன்.

அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது அவள் பிறந்து வளர்ந்த தெருதான். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மாவோடு அதே வீட்டில்தான் இருந்தாள். பின்சுவரை ஒட்டி ஆறு ஓடுகிறது. ஆனால் அந்த வரிசையில் ஒரு வீட்டுக்கும் ஆற்றுப் பக்கம் ஜன்னல் கிடையாது. இருந்த ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்த தடம் பூச்சுக்கு மேல் புடைத்துத் தெரிந்தது. கொசுத் தொல்லை என்றார் ஒருவர். திருட்டுப் பயம் என்றார் இன்னொருவர். அம்மாவைக் கேட்டால், "வெளிச்சம் வேணும்னா லைட்டப் போட்டுக்கோ," என்பாள்.

அக்கரையிலிருந்து ஒரு நர்ஸ் கார் பழக வந்தாள். கை நன்றாகப் படிந்துவிட்டிருந்தது. ஒருநாள், "அப்படியே எங்க தெரு வழியாப் போயிடலாம், திருப்பு," என்று அக்கா சொன்னதும் நர்ஸ் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டாள்.

"இந்தத் தெரு மட்டும் வேணாம்க்கா."

"ஏம்மா, குறுகலா இருக்குன்னு பயமா?"

"உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

தெரியாது என்று அவள் முகமே சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னாள். நர்ஸின் அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது அக்கரையில் காலரா பரவியது. அப்போது பாலம் கிடையாது, ஆஸ்பத்திரி இக்கரையில். நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஒரு படகு வந்தது. இந்தத் தெரு ஆண்கள் அதைத் துறையில் ஒதுங்கவே விடவில்லை. மூங்கில் கழிகளால் தள்ளித் தள்ளியே கவிழ்த்துவிட்டார்கள். யாரும் பிழைக்கவில்லை. அப்பாவைப் பெற்றவளும் அதில் இருந்தாள்.

"எங்க பக்கம் சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்க்கா. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

அன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, தாத்தா கையில கழி இருந்துச்சா?"

அம்மா நிமிரவில்லை. இலை போன தண்டையே மறுபடி உருவினாள்.

"எல்லார் கையிலயும் இருந்துச்சு. நான் ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு பொம்பள என்னப் பாத்துக் கைய ஆட்டுனா. வெளையாட்டுன்னு நெனச்சு நானும் ஆட்டுனேன்." கீரையை முறத்தில் போட்டாள். "அப்புறம் ஒவ்வொண்ணாக் கரை ஒதுங்குச்சு. வீட்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்கல. தெருவே செங்கல் வாங்குச்சு. நோய் உள்ள வந்திருந்தா நான் ஏது, நீ ஏது? வெளிய போய் ஒளறி வைக்காத."

அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு, கூட வந்தவர்களைத் தன் தெருவிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. "உங்க தாத்தனும்தான்டி!" என்று மாடியிலிருந்து ஒரு குரல் கத்தியது.

"ஆமா, எங்க தாத்தாவும்தான்," என்றாள்.

அதோடு தெருவில் அவளிடம் பேச்சுவார்த்தை நின்றது. பழக வந்தவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி விலகினார்கள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி, "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா," என்றார். பிறகு கூப்பிடவேயில்லை. அம்மா துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு இவளுடைய தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். "ஊர் வம்ப வெலைக்கு வாங்கிட்டியேடி," என்று கணவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் அடுத்த வாரம் பட்டறையிலிருந்து உளியும் சுத்தியலும் எடுத்து வந்து, தங்கள் வீட்டு ஜன்னலை அடைத்திருந்த செங்கலை உடைத்துப் போட்டவனும் அவன்தான்.

கேள்விப்பட்டு நர்ஸின் அப்பா வந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தார். அந்தத் தெருவில் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஜன்னலருகே கூட்டிப்போனார்கள். கீழே பழைய துறையின் படிகள் பாசி பிடித்துத் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தன.

"இதுதான் துறையா?"

"ஆமாங்க," என்றாள் அக்கா.

"நடு ஆத்துல கவுந்துச்சுன்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." ஜன்னல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோ பக்கமா? தள்ளுன கழிய நீட்டியிருந்தாலே புடிச்சு ஏறியிருப்பாங்களேம்மா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மகளோடு இறங்கிப் போனார். அதற்காக அவள் அவரைக் குறைசொன்னதே இல்லை.

இப்போது அவள் அக்கரையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அங்கே சிலர் தலையசைப்பார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அம்மா திரும்பி வரவேயில்லை. மழைக்காலத்தில் தம்பி வீட்டிலேயே இறந்துபோனாள். பிணம் தூக்க அவர்கள் தெருவிலிருந்து ஓர் ஆளும் வரவில்லை. தம்பியும் கணவனும் பட்டறை ஆட்கள் இருவருமாகத்தான் தூக்கினார்கள்.