ஒட்டாத இரண்டு கருப்பு

“பார்வையாளர்: மகள். வயது நாற்பத்திரண்டு. எப்போதும் துக்க உடையில் வருபவர். கலகலப்பில்லாத சுபாவம். இவரைக் கண்டதும் முதியவர் கொந்தளிக்கிறார். இனி வெளிர்நிற உடையில் வருமாறு அறிவுறுத்தப்பட்டது.”

முதியோர் இல்லத்தின் கோப்பில் அவளைப் பற்றி இப்படித்தான் எழுதியிருந்தார்கள். இதில் சரியாக இருந்தது ‘மகள்’ என்ற ஒரு சொல்தான். வயதில்கூட ஒன்றைக் கூட்டிப் போட்டிருந்தார்கள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வந்தவர் முகத்துக்கு ஃபிரேமைப் பொருத்தி, காதுப்பக்கம் வளைத்துக் கொடுக்க வேண்டும். கடையில் எல்லோரும் வெள்ளைக் கோட்டு போட வேண்டும் என்பது விதி. அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை. கோட்டுக்கு வெளியே மிஞ்சுகிற இடத்திலேயே வாழ்ந்துகொண்டாள்: கழுத்தில் எட்டிப் பார்க்கும் கருப்பு லேஸ் காலர், கீழே கணுக்கால்வரை கருப்பு ஸ்கர்ட், பக்கிள் வைத்த கனத்த பூட்ஸ். ஒரு நாளைக்கு ஒரு அலங்காரம்தான் உரக்கப் பேசலாம் என்பது அவள் சட்டம். உதட்டில் கருஞ்சிவப்பு பூசினால் வெள்ளி வவ்வால் பதக்கம் பெட்டியில் தூங்கும். தொங்கும் சட்டைக்கைகள் கிடையவே கிடையாது, சிக்கிக்கொள்ளும். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு ரசனை போதாது.

“யாராவது தவறிட்டாங்களாம்மா?” என்று ஒரு வாடிக்கையாளர் தணிந்த குரலில் கேட்டார்.

“ஆமா சார். உங்க பழைய கண்ணாடி.”

அவர் சிரித்த சிரிப்பில் புதுக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. கலகலப்பில்லாத சுபாவத்தின் லட்சணம் இது.

அப்பா முப்பத்தைந்து வருஷம் பெயின்ட் கடை வைத்திருந்தவர். வெள்ளையிலேயே பதினேழு வகை சொல்வார். பதினேழு வயதில் மகள் முதன்முதலாகக் கருப்பு உடுத்தி நின்று, “இது காத்திக் ஃபேஷன்ப்பா, எல்லாமே கருப்புதான்” என்றபோது, மற்ற அப்பாக்களைப் போல அவர் கருப்பை எதிர்க்கவில்லை. இன்னும் மோசமாக, உற்றுப் பார்த்தார்.

“ஏ வவ்வாலு! சட்டை செங்கருப்பு, பாவாடை நீலக்கருப்பு. ரெண்டும் அடிச்சிக்குது. உனக்குக் கண்ணு இருக்கா, இல்ல வவ்வாலுக்கு இருக்கிற மாதிரிதானா?”

கதவை அறைந்து சாத்தினாள். மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்தால், பாழாய்ப் போக, மனிதர் சொன்னது சரி. வெளுத்த பருத்தி செம்மைக்குப் போயிருந்தது, பாலியஸ்டர் நீலத்துக்கு. அன்றிலிருந்து அலமாரியில் கருப்புகளுக்குத் தனித்தனித் தட்டுகள். உள்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்தல், நிழலில் உலர்த்தல். சேராத இரண்டைப் போட்டே ஆகவேண்டிய நாளில் நடுவே ஒரு சாம்பல் நிறத் துப்பட்டா, சமாதானத்துக்கு. அவள் நன்றி சொன்னதில்லை. அவரும் பாராட்டியதில்லை, குறை கிடைக்காத நாளில் “ம்” என்பார், ஏமாந்தவர் மாதிரி.

பிறகு அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. இல்லத்தில் சேர்த்த மறுமாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குறையும் சொல்ல முடியாத கருப்பில் அவள் போய் நின்றாள்.

“உக்காருங்க மேடம்” என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு அவசரத்தில் வெளுத்த சட்டையைப் புது ஸ்கர்ட்டோடு மாட்டிக்கொண்டு ஓடினாள். அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “ஏ வவ்வாலு! என்னடி கோலம் இது? செங்கருப்புக்கு நீலக்கருப்பா?”

வாழ்நாளில் எந்தத் திட்டுக்கும் அவள் அப்படி மகிழ்ந்ததில்லை. குப்பை கொட்டப் போகக்கூட ஒட்டாத கருப்பை உடுத்தாதவள், அன்றுமுதல் ஞாயிறுதோறும் யோசித்து யோசித்துத் தப்பாக உடுத்தினாள். தாதி அதைக் கொந்தளிப்பு என்று எழுதினார். அறிவுரைப்படி ஒருமுறை சக ஊழியரிடம் இரவல் வாங்கிய இளநீலச் சட்டையில் போனாள். அப்பா மரியாதையாக, “டீ கிடைக்குமாம்மா?” என்று கேட்டார்.

நேரே கண்காணிப்பாளரிடம் போனாள். “சார், அவர் கொந்தளிக்கல. என்னை அடையாளம் கண்டுபிடிக்கிறார்.”

“சத்தம் போடுறாரேம்மா!”

“என்னை வளத்ததே அப்படித்தான் சார்.”

அவர் பெருமூச்சு விட்டு அனுமதித்தார். கோப்பை மட்டும் திருத்தவில்லை.

ஏழு மாதம் ஓடியது. திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் அதிலிருந்து பாவாடை போயிற்று, பிறகு சட்டை. கொஞ்ச நாள் “வவ்வாலு” மட்டும் மிஞ்சியது. அப்புறம் புருவச் சுளிப்பு.

ஒரு ஞாயிறு, தன்னிடம் இருந்ததிலேயே படுமோசமான ஜோடியைத் தேர்ந்தெடுத்தாள்: பழுப்பேறிப்போன சட்டை, மின்னும் நீலக்கருப்பு ஸ்கர்ட். நடுவே துப்பட்டா இல்லை. வேண்டுமென்றே ஜன்னல் வெளிச்சத்தில் போய் நின்றாள். அப்பா தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

“உங்க டிரஸ் ரொம்ப நல்லா இருக்கும்மா,” என்றார். “ரெண்டும் அழகா ஒட்டுது.”

இருபத்து நான்கு வருஷமாக அவள் காத்திருந்த பாராட்டு அது.

“யாரைப் பாக்க வந்தீங்க?”

“எங்க அப்பாவ.”

“வந்துடுவார். உக்காருங்க.”

உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் இருவரும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அதன்பிறகு அவர் இருந்த பதினான்கு மாதமும், ஒரு ஞாயிறும் தவறாமல், ஒட்டாத இரண்டு கருப்பை உடுத்திக்கொண்டு போய் அவருக்கு நகம் வெட்டிவிட்டு வந்தாள்.