அறைக்கு வெளியே கிறிஸ்டினா

ராயபுரம் கஸ்பாருக்குக் காது கேட்காது. அவர் மனைவிக்கும் கேட்காது. அதனால் அவர்களுடைய ஒரே மகள் கிறிஸ்டினாவுக்குப் பள்ளிக்கூடம் சேரும் முன்பே உத்தியோகம் கிடைத்துவிட்டது. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அப்பா கையால் சொல்வதை வாயால் சொல்வாள். வாயால் வந்த பதிலைக் கையால் திருப்பித் தருவாள். நாற்பது தாண்டியும் அந்த உத்தியோகம் அவளை விடவில்லை. பகலில் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை. மற்ற நேரத்தில் காது கேளாதவர் யாருக்காவது போலீஸ் ஸ்டேஷன், பிரசவம், கல்யாணப் பேச்சு என்றால் அவளுக்குத்தான் வீடியோ கால் வரும்.

போன வருஷம் காது கேளாதோர் சங்கத்தின் மாநில மாநாடு ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. செயலாளர் லோகநாதன், விம்கோ நகர்க்காரர், ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர்க்காரர்களை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்றார். கடற்கரை வேண்டாமாம், எல்லோரும் பார்த்தாயிற்றாம். போனில் ஒரு எஸ்கேப் ரூமின் படத்தைக் காட்டினார். ஒரு அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் புதிரெல்லாம் கண்டுபிடித்து வெளியே வர வேண்டும்.

ஏற்பாட்டை யார் செய்வது? எல்லோரும் கிறிஸ்டினாவைப் பார்த்தார்கள்.

"காது கேக்காதவங்களா? ஏதாவது ஆச்சுன்னா யார் மேடம் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்கள். கூப்பிட்ட இடமெல்லாம் இதே பேச்சு. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு இடத்தில் மட்டும், ஜஸீமா என்ற பெண், "இட்டுனு வாங்கக்கா, பாத்துக்கலாம்" என்றாள்.

மாநாட்டின் இரண்டாம் நாள் காலை முழுக்க, யாரோ ஒரு அதிகாரியின் நீண்ட பேச்சைக் கையால் சொல்லி முடித்தபோது கிறிஸ்டினாவுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் நாலு பேர் பேசுகிறார்கள். பதில் சொல்லக் கை வேண்டும். கையோ சோற்றில் இருந்தது. பாதியில் எழுந்து, எட்டுப் பேரை இரண்டு ஷேர் ஆட்டோவில் ஏற்றினாள்.

அங்கே போனதும் ஜஸீமாவுக்குத் திடீரென்று கவலை. "அக்கா, க்ளூவெல்லாம் ஸ்பீக்கர்லதான் சொல்லுவேன். இவங்களுக்கு இன்னா பண்றது?"

"நானும் உள்ள போறேன்" என்று கிறிஸ்டினா செருப்பைக் கழற்றினாள்.

லோகநாதன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். 'நீ வேண்டாம். கண்ணாடியில் உன் முகத்தைப் பார். உட்கார்' என்று சைகையில் சொன்னார். கதவு மூடியது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது.

"அக்கா! யக்கா!" ஜஸீமா உலுக்கினாள். "டைம் முடிஞ்சிப்போச்சு. வெளிய வரமாட்டேன்றாங்க. கொஞ்சம் சொல்லேன்."

அறைக் கதவு திறந்திருந்தது. ஸ்பீக்கர் உதவாததால் ஜஸீமாவே உள்ளே போய் நடித்துக்காட்டியிருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கச் சொல்ல, தலை வாருவதுபோல் செய்தாளாம். அவர்கள் பேன் என்று நினைத்து, அறையில் நின்ற பொம்மையின் டோப்பாவைப் பிய்த்து எடுத்துத் தேடியிருக்கிறார்கள். சேலத்து ராமசெல்வி இன்னும் அந்த டோப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

லோகநாதன் சிரிக்கவில்லை. 'இன்னும் ஒரே பூட்டுதான். இதற்காக அவளை எழுப்புவார்களா?' என்று ஜஸீமாவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"இன்னாக்கா சொல்றாரு?"

கிறிஸ்டினாவுக்கு வாய் திறக்கவே அலுப்பாக இருந்தது. "அவரையே கேளு. உனக்குத்தான் நடிக்க வருதே" என்று திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அவள் இல்லாமலே இவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது. அது ஆறுதலா, வருத்தமா என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. உள்ளே ஜஸீமா விரலைக் காட்டி, இன்னும் பத்து நிமிஷம் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பூட்டு கடைசிவரை திறக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோ முழுக்கக் கைகள் பறந்தன. கிறிஸ்டினா கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் போதும், அவர்கள் பேச்சு நின்றுவிடும். லாரிகளின் ஹாரன் மட்டும் கேட்டது.

யாரோ தோளைத் தட்டினார்கள். லோகநாதன். 'நாளை ஒன்பது மணிக்கு மேடை.'

'பதினொன்றுக்கு வருகிறேன்' என்றாள். இதுவரை அவள் அப்படிச் சொன்னதில்லை.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, ராமசெல்வியிடம் டோப்பாக் கதையைத் தொடர்ந்தார்.