மகன் பெயரில் இருபத்துமூன்று பாகங்கள்

அமெரிக்க ஜனாதிபதியின் வாழ்க்கை வரலாற்றை நான் எழுத உட்கார்ந்ததற்கு அவர்மேல் உள்ள அன்பும் காரணமில்லை, வெறுப்பும் காரணமில்லை. எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர்தான் காரணம். துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரு கிடங்குக்கு மேலாளர். லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஜனாதிபதியைப் புகழ்ந்து ஏதாவது சொல்வார். சொல்வதில் பாதி தப்பாக இருக்கும். ஒருநாள், ஏழையாகப் பிறந்து தானே முன்னுக்கு வந்தவர் என்றார். அப்பாவே பெரிய கட்டிட முதலாளி, பையன் பிறக்கும்போதே வீட்டில் பணம் இருந்தது என்றேன்.

"அண்ணாச்சி எதிர்க்கட்சி போலுக்கே" என்று சொல்லிவிட்டு அவர் மூன்றாம் மாடியில் இறங்கிப் போய்விட்டார். மீதியைச் சொல்ல எனக்கு வழியில்லை. கதவு மூடிவிட்டது.

மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். தப்பான தகவலைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. திருச்சியாக இருந்தால் யாரிடமாவது சொல்லித் தீர்த்திருப்பேன். மனைவி போனபிறகு நாலு வருஷமாக இங்கே அல் குசைஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனும் மருமகளும் டியூட்டியிலிருந்து திரும்பும்போது, பேசுவதற்கு அவர்களிடம் ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. எனவே எழுதினேன்.

எதில் எழுதினேன் என்பதுதான் பின்னால் வினையாயிற்று. இந்த ஊரில் என் பெயரில் ஒன்றும் கிடையாது. வீட்டு வாடகை ஒப்பந்தம், கரண்ட், கார் எல்லாம் மகன் பெயரில். என் விசாவுக்கு ஸ்பான்சர் அவன். என் போனில் இருக்கும் சிம் கார்டும் அவன் அடையாள அட்டையைக் காட்டி வாங்கியது. ஊர்ச் செய்தி பார்ப்பதற்கென்று, அவன் எப்போதோ தொடங்கி மறந்துபோன ஒரு சமூக வலைத்தளக் கணக்கை என் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். மேலே அவன் பெயர், அவன் கல்யாணப் போட்டோ. அதிலேயே வாரம் ஒன்றாக வரலாற்றைப் போட ஆரம்பித்தேன். முதலில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர்தான் படித்தார். பிறகு அவருடைய ஆட்கள் வந்தார்கள், அவர்களோடு சண்டை போடுகிறவர்களும் வந்தார்கள்.

அந்த ஜனாதிபதியின் வரலாற்றை எழுதுவதைப் போல எரிச்சலூட்டும் வேலை வேறில்லை. பொதுவாக ஒருவர் பிறப்பார், படிப்பார், பதவிக்கு வருவார், இறங்குவார். எழுதுகிறவன் வரிசையாகப் போகலாம். இவர் கோபுரம் கோபுரமாகக் கட்டி ஒவ்வொன்றிலும் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறார். துபாயில்கூட ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர். சூதாட்ட விடுதி நடத்தித் திவாலாகிறார். சரி, முடிந்தது என்று நினைத்தால் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஆட்களை வேலையைவிட்டுத் தூக்குகிறார், நாடே பார்க்கிறது. குறைந்த ஓட்டு வாங்கி ஜனாதிபதியாகிறார். அது எப்படி முடியும் என்று விளக்க எனக்கு ஒரு பாகம் முழுக்கத் தேவைப்பட்டது. அப்படியும் ஒருவருக்கும் விளங்கவில்லை. இரண்டு முறை பதவி நீக்க விசாரணை, இரண்டிலும் தப்பிக்கிறார். தோற்கிறார், தோற்கவில்லை என்கிறார். கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்துவிடுகிறது. வழக்கு, குற்றவாளி என்று தீர்ப்பு, காதை உரசிக்கொண்டு போன துப்பாக்கிக் குண்டு. இதோடு முடிக்கலாம் என்று நான் முற்றுப்புள்ளி வைத்தேன். அவர் மறுபடி ஜெயித்துவிட்டார்.

நான் ஒரு விதி வைத்திருந்தேன். ஒவ்வொரு பாகத்திலும் பாராட்டும் வாக்கியமும் குறை சொல்லும் வாக்கியமும் சமமாக இருக்கவேண்டும். எழுதி முடித்ததும் பென்சிலால் எண்ணுவேன். ஒன்று கூடினால் வெட்டுவேன். பலன் என்ன? அவருடைய ரசிகர்கள் குறையை மட்டும் எண்ணினார்கள். கத்தாரில் ராஸ் லஃபானிலிருந்து படித்துக்கொண்டிருந்த ஓர் இன்ஜினியர் பாராட்டை மட்டும் எண்ணி, எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார். இரண்டு தரப்புத் திட்டும் என் மகன் பெயருக்குத்தான் வந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இருபத்துமூன்றாம் பாகம் போட்ட மாதத்தில் மகனின் கம்பெனி துபாயில் அவனுடைய பிரிவை மூடியது. ஹூஸ்டன் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வரலாம், மற்றவர்களுக்குக் கணக்குத் தீர்க்கப்படும் என்றார்கள். இங்கே வேலை போனால் விசா போய்விடும். அவன் விசாவோடு வீட்டில் எல்லோருடைய விசாவும் போகும். எனவே அமெரிக்க வேலை விசா கிடைத்தே ஆகவேண்டும். விண்ணப்பத்தில், கடந்த ஐந்து வருஷத்தில் வைத்திருந்த எல்லாச் சமூக வலைத்தளக் கணக்குகளையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். மகன் நேர்மையானவன். மறந்துபோன பழைய கணக்கைத் திறந்து பார்த்தான்.

ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போனை என் எதிரே வைத்தான்.

"அப்பா, இது என்னோட அக்கவுண்ட்."

"தெரியும். நீதானே போட்டுக் குடுத்தே."

"பேப்பர் படிக்கக் குடுத்தேன். அவரோட கேஸ், தீர்ப்பு எல்லாத்தையும் என் பேர்ல எழுதவா குடுத்தேன்? அவர் நாட்டுக்குத்தான் நான் விசா கேக்கறேன்."

பாராட்டும் சமமாக இருக்கிறது, எண்ணிப் பார் என்றேன். அவன் எண்ணவில்லை. கம்பெனி வக்கீலைக் கேட்கவேண்டும், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சமையலில் உப்பு கூடினால்கூட என்னிடம் மன்னிப்புக் கேட்கிற பெண். மடித்த சட்டையின் மேல் கையை வைத்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அந்த விசாவுல அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

அவள் என்ன கேட்கிறாள் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அவர்கள் ஹூஸ்டன் போனால் நான் திருச்சிக்குத் தனியாகத் திரும்பவேண்டும். விசா மறுக்கப்பட்டால் எல்லோரும் சேர்ந்து திரும்புவோம். இதை மனதில் வைத்து நான் எழுதினேனா என்று கேட்கிறாள். கம்பெனி மூடும் செய்தி வருவதற்கு ஐந்து மாதத்துக்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டேன், தேதி போட்டிருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மருமகளிடம் தேதியைக் காட்டி நிரபராதி என்று நிரூபிக்கும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று கோபம் வந்தது. எழுந்து அறைக்குள் போய், பாகங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தப் போன், நிச்சயமாக அழிக்கவா என்று ஒருமுறை கேட்டது. இருபத்துமூன்று முறை ஆமாம் என்றேன்.

மறுநாள் வக்கீல் சொன்ன பதிலோடு மகன் வந்தான். எதையும் அழிக்கவேண்டாம், அழித்தால்தான் சந்தேகம் வரும், கேட்டால் அப்பா எழுதியது என்று உண்மையைச் சொன்னால் போதும் என்றாராம். அழித்துவிட்டேன் என்றேன். மகன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "கொஞ்சம் பொறுங்கன்னுதானேப்பா சொன்னேன்" என்றான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

நேர்காணல் நாள் வரை வீட்டில் யாரும் அமெரிக்கா என்ற வார்த்தையை உச்சரிக்கவில்லை. டிவியில் ஜனாதிபதி வந்தால் மருமகள் ஒலியைக் குறைப்பாள். அவர் வாய் மட்டும் அசையும், கை மட்டும் ஆடும். என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்குத் துடிக்கும். கேட்கமாட்டேன். மூன்றாம் மாடிக்காரர் லிஃப்டில் மடக்கினார். பாகங்கள் எங்கே போயின என்று கேட்டார். அழித்தேன் என்றதும் முகம் தொங்கிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, எட்டாம் பாகத்துல நீங்க எழுதுனது தப்புன்னு பதில் எழுதிட்டு இருந்தேன். இனி யாருக்குப் பதில் சொல்ல?"

என்னை அவ்வளவு கவனமாகப் படித்த ஒரே ஆள் அவர்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டாம் பாகத்தில் என்ன தப்பு என்று அவர் சொல்வதற்குள் மூன்றாம் மாடி வந்துவிட்டது.

நேர்காணலிலிருந்து மகன் மதியம் திரும்பினான். விசா ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், விசா கிடைத்துவிட்டது. மருமகள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். நான் கேட்டேன், எழுத்தைப் பற்றி என்ன கேட்டார்கள் என்று.

"ஒண்ணும் கேக்கலப்பா. இந்தக் கம்பெனியில எத்தனை வருஷம், அங்க என்ன வேலைன்னு கேட்டாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

"பழைய அக்கவுண்ட் பத்தி?"

"ஒண்ணுமே இல்ல."

நிம்மதிதான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து மாத உழைப்பை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு, அதை ஒருவரும் தேடவில்லை என்ற செய்தி அத்தனை இனிப்பாக இருக்காது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சோபாவை விற்றார்கள். என் விசாவை ரத்து செய்ய, அரசு விண்ணப்பங்களைப் போட்டுத் தரும் டைப்பிங் சென்டருக்கு மகனோடு போய்வந்தேன். திருச்சிக்கு டிக்கெட் போட்டாயிற்று. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மருமகள் மடிக்கணினியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அமெரிக்காவுக்கு விசிட் விசா இப்போதே விண்ணப்பித்துவிடலாம், கோடையில் வந்து சில மாதம் இருக்கலாம் என்றாள். அன்று கேட்ட கேள்வியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பெயர், பிறந்த தேதி, ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினாள். ஓரிடத்தில் கை நின்றது.

"சோஷியல் மீடியா அக்கவுண்ட் கேக்கறாங்க மாமா. உங்க பேர்ல எதுவும் கிடையாதே. இல்லைன்னு போட்டுடறேன்."

"போடாதே. அவன் அக்கவுண்ட்ல எழுதினது நான். அதையே போடு."

"அது இப்ப காலியாத்தானே இருக்கு. எதுக்கு வம்பு?"

"அஞ்சு வருஷத்துல வெச்சிருந்ததைத்தானே கேக்கறான்? வெச்சிருந்தேன். போடு."

அவள் மகனின் பெயரில் இருந்த அந்தக் கணக்கை என் விண்ணப்பத்தில் தட்டினாள்.

"இதனால விசா குடுக்கலைன்னா என்ன மாமா பண்றது?"

"நீங்க லீவுல திருச்சிக்கு வாங்க" என்றேன்.