கீழேயே நின்ற மீன்காரம்மா

நான் வேலை பார்க்கிற ஆபீஸில் கேம் செய்கிறார்கள். போனில் விரலால் தொட்டு ஆடுகிற ஆட்டம். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில், இரண்டே அறையில், நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். கூட்டித் துடைத்து டீ போட என்னை வைத்தார்கள். நாலு பேர் பதினோரு பேர் ஆகி, தேனாம்பேட்டையில் கண்ணாடிக் கதவு போட்ட இடத்துக்குப் போய், அங்கே தாக்குப் பிடிக்க முடியாமல் ஆறு பேராகக் குறைந்து, பழைய மாடிக்கே திரும்பி வந்தார்கள். போகும்போதும் வரும்போதும் நான் கூடவே இருந்தேன். யார் எப்போது சேர்ந்தார்கள், யார் எப்போது விட்டுப் போனார்கள் என்று தெரிய வேண்டுமானால் இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள்.

மூன்றாவது வரைக்கும் படித்தேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவது இன்னும் மெதுவாகத்தான். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அந்த ஆபீஸில் எனக்கு மதிப்பே அதனால்தான் வந்தது.

வந்த புதிதில் என்னை ஆயா என்றார்கள். “அம்மான்னு கூப்டு. இல்லாட்டி கூப்டாதே, நானே வந்து கேட்டுக்கிறேன்” என்றேன். அன்றிலிருந்து அம்மாதான்.

அவர்கள் முதலில் செய்தது ஆட்டோ ஓட்டுகிற கேம். ஊரெல்லாம் போனில் இறக்கிக்கொண்டார்கள், ஆனால் முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நாலு பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸை ஆரம்பித்தவரை நான் பெரிய தம்பி என்பேன். மயிலாப்பூர் பிள்ளை, மாட வீதிப் பக்கம் வீடு. அவர் துடைப்பத்தோடு நின்ற என்னைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்தார். நான் விரலை வைப்பதற்குள் நாலு பேரும், அங்கே தொடுங்கள், இல்லை இங்கே, மேலே, கீழே என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

“நாலு பேரு சொன்னா நான் யார் பேச்ச கேக்கறது? எல்லாரும் வாய மூடுங்க. எனக்குப் புரியுதா இல்லயான்னு நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

எனக்குப் புரியவில்லை. புரியாமல் முழிக்கிறதை நாலு பேர் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. போனை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன்.

அதுவே அந்த ஆபீஸின் சட்டமாகிவிட்டது. எதைப் புதிதாகச் செய்தாலும் நான் உட்கார்ந்து ஆடுவேன். ஆடும்போது யாரும் பேசக் கூடாது, கை காட்டக் கூடாது. அந்தப் பகுதியைச் செய்தவர் என் பின்னால் உட்கார்ந்து என் விரல் எங்கே போகிறது என்று எழுதிக்கொள்வார். எனக்குப் பிடிபடாவிட்டால் போனைக் கவிழ்ப்பேன். கவிழ்த்துவிட்டால் அதை மாற்றிச் செய்ய வேண்டும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனி வழுவழுத்துப் போயிருக்கிறது, சில சமயம் கண்ணாடி என் விரலைக் கண்டுகொள்ளாது. அதைப் பார்த்துத்தான் பட்டனையெல்லாம் பெரிதாக்கினார்கள்.

சட்டத்தை மீறுகிறவர் பெரிய தம்பி ஒருவர்தான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். நான் தப்பான இடத்துக்குப் போனால் அவருக்குத் தொண்டை செருமும். தெரிந்து செய்வதில்லை, அடக்க முடியாமல் வந்துவிடும். எனக்கு அது கேட்கும். கேட்காத மாதிரி நான் என் போக்கில் போவேன்.

தேனாம்பேட்டையிலிருந்து திரும்பி வந்த பிறகு அவர்கள் எடுத்த வேலைதான் மீன்காரம்மா. படம் வரைகிற பொண்ணு காலையில் பட்டினப்பாக்கம் கரைப் பக்கம் நடக்கப் போகும். அங்கே மீன் விற்கிற பெண்களைப் பார்த்து ஓர் அம்மாவை வரைந்திருந்தது. தலையில் கூடை, இடுப்பில் சொருகின சேலை, வாய் நிறைய வெற்றிலை. அந்த அம்மா கரையில் மீன் எடுத்து, காக்கா பூனைக்குத் தப்பி, பஸ்ஸுக்கு ஒதுங்கி, ஐஸ் கரைவதற்குள் மந்தைவெளி வந்து விற்க வேண்டும். மேலே நீலமாக ஒரு கோடு இருக்கும். அதுதான் ஐஸ். போகப் போகக் குறையும். முதல் இரண்டு லெவலையும் எத்தனையோ தடவை ஆடிவிட்டேன். மூன்றாவதை அவர்கள் அப்போது செய்து முடிக்கவில்லை.

இதுவும் போகாவிட்டால் மாசக் கடைசியில் ஆபீஸை மூடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மும்பையில் இருக்கிற ஒரு கம்பெனி கேமை எடுத்து வெளியிட வேண்டும். அங்கேயிருந்து ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. வருவதற்கு முதல் நாள் பெரிய தம்பி டீ போடுகிற இடத்துக்கு வந்து நின்றார்.

“அம்மா, நாளைக்கு அவங்க முன்னாடி நீங்க ஆடணும். படிக்கத் தெரியாதவங்களும் பார்த்த உடனே ஆடலாம்னு அவங்களுக்குக் காட்டணும். ஒண்ணே ஒண்ணு, இதை இப்பதான் முதல் தடவை பார்க்கறேன்னு சொல்லிடுங்கோ.”

நான் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்லாததை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். அது என் தப்புதான், அப்போதே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஓர் அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும், கதர்ச் சேலை. மும்பைக் கம்பெனி என்றாலும் பேச்சு தூத்துக்குடிப் பேச்சு. டீயை வாங்கிக்கொண்டு, “நீங்கதான் ஆடிக் காட்டப் போறீகளா?” என்று கேட்டார். என்னை உட்கார வைத்தார்கள். அவர் என் வலது பக்கம் உட்கார்ந்தார். பின்னால் கண்ணாடி போட்ட தம்பி. அவர்தான் கம்ப்யூட்டரில் எழுதிக் கேமை ஓட வைக்கிறவர். சுவர் ஓரமாகப் பெரிய தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“இதை முன்னாடி ஆடியிருக்கீகளா, அம்மா?”

போன் என் கையில் இருந்தது.

“ஆடிக்கீறேன். எத்தினியோ தடவ. கண்ண மூடிக்கினு கூட ஆடுவேன்.”

நான் பெரிய தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அந்த அம்மா டீயை ஒரு வாய் குடித்தார்.

“அப்போ நீங்க பார்க்காதது ஏதாவது இருக்கா இதுல?”

“மூணாவது லெவல்” என்று கண்ணாடித் தம்பி சொல்லிவிட்டார்.

“அது இன்னும் முழுசா முடியலை மேடம்” என்றார் பெரிய தம்பி.

“பரவாயில்லை. அதையே குடுங்க.”

கொடுத்தார்கள். மூன்று மாடி வீடு ஒன்று வந்தது. மொட்டை மாடியில் துணி காய்கிறது. மூன்றாவது மாடி பால்கனியில் ஒரு பெண் நின்று கையை ஆட்டுகிறாள். அவளுக்குத்தான் மீன் வேண்டும், அது எனக்கு உடனே புரிந்தது. மீன்காரம்மாவை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். மேலே நீலக் கோடு பாதிக்கு மேல் இருந்தது. மீன்காரம்மாவைத் தொட்டால் குரல் கொடுப்பாள். தொட்டேன். “மீனே” என்று கூவினாள். மேலே இருந்தவள் கையை ஆட்டினாள்.

நான் காத்திருந்தேன்.

நீலக் கோடு குறைந்தது. மறுபடியும் தொட்டேன். கூவினாள். மேலே இருந்தவள் கை ஆட்டினாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. விரல் வேர்த்துப்போய் கண்ணாடி பிடிக்கவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டேன். வாசலுக்கு இடது பக்கம் மாடிப்படி இருந்தது, அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்போது பெரிய தம்பிக்குத் தொண்டை செருமியது.

எனக்கு எல்லாம் விளங்கியது. நான் தப்பான இடத்தில் நிற்கிறேன். படி ஏறச் சொல்கிறார். ஏறினால் கேம் பிழைக்கும், ஆபீஸ் பிழைக்கும், கண்ணாடித் தம்பிக்குப் போன மாசம்தான் குழந்தை பிறந்தது, அந்த வீடும் பிழைக்கும். விரல் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டது. தொடுவதற்கு ஒரு நூல்தான் இருந்தது. ஆனால் அவர் செருமாமல் இருந்தால் நான் ஏறியிருப்பேனா? மாட்டேன். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நீலக் கோடு தீர்ந்தது. கூடையில் மீன் நிறம் மாறியது. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வாசலில் நின்றவர்களில் யாரோ “போச்சு” என்றார்கள். அந்த அம்மா கவிழ்ந்த போனைப் பார்த்தார்.

“இதுக்கு என்ன அர்த்தம்?”

“அம்மாவுக்குப் புரியலைன்னு அர்த்தம்” என்றார் கண்ணாடித் தம்பி. “நாங்க மாத்தணும்.”

“ஏன் நீங்க படி ஏறலை?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

“மீன் கூடைய தூக்கிக்கினு எவ மூணு மாடி ஏறுவா? ஏற வுடுவாங்களா? படியில மீன் தண்ணி சொட்டினா அந்த வீட்டுக்காரங்க சும்மா வுட மாட்டாங்க. மேலேந்து கயித்துல கூடைய எறக்குவாங்க, இவ அதுல போட்டு அனுப்புவா. அது எறங்கும்னு பாத்துக்கினே இருந்தேன். எறங்கவே இல்ல.”

அந்த அம்மா திரும்பி எல்லோரையும் பார்த்தார். “உங்கள்ல யாராவது வாசல்ல மீன் வாங்கியிருக்கீகளா?”

பெரிய தம்பி வீட்டில் முட்டைகூடக் கிடையாது. கண்ணாடித் தம்பி வீட்டிலும், படம் வரைகிற பொண்ணு வீட்டிலும் அப்படித்தான். மற்றவர்கள் கறி மீன் எல்லாம் போனில் சொல்லி வாங்குகிறவர்கள். படம் வரைகிற பொண்ணு மெதுவாக, “எங்காத்துல கீரைக்குக் கூடை விடுவா பாட்டி. மீனுக்கும் அப்படித்தான்னு எனக்குத் தோணவே இல்லை” என்றது.

அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் படி இறங்கினதும் பெரிய தம்பி என்னிடம் வந்தார். “ஒரு வார்த்தைதானேம்மா கேட்டேன்” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

“பொய் சொல்லத் தெரியாம இல்ல தம்பி. வீட்ல தெனம் ரெண்டு சொல்றேன். அந்த போன கையில வச்சிக்கினு சொல்ல மாட்டேன். சொல்லிட்டா, அப்பால நான் புரியுதுன்னு சொன்னா நீ நம்புவியா?”

நான் டம்ளரை எல்லாம் எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாளைக்கு வா என்று அவரும் சொல்லவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

மறுநாள் வேலைக்குப் போவதா வேண்டாமா என்று தலை வாரிக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்கு என் வீட்டு வாசலில் கண்ணாடித் தம்பியும் படம் வரைகிற பொண்ணும் வந்து நின்றார்கள். பின்னால், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பெரிய தம்பி.

“மீன்காரம்மா எத்தனை மணிக்கு வருவா?” என்றார்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் என் நாத்தனார்தான். ஒன்பது மணிக்குக் கூடையோடு வந்தாள்.

“இன்னாண்ணி, யாரு இது? பொண்ணு பாக்க வந்தவங்க மாறி வரிசயா நிக்கறாங்க.”

“உன்னப் பாக்கத்தான். நீ பாட்டுக்கு யாவாரத்த பாரு.”

எதிர் வீட்டு மாடியிலிருந்து கூடை இறங்கியது. மேலே இருந்தவள் செவுளைக் காட்டச் சொன்னாள். இவள் ஒரு சங்கரா மீனைத் தூக்கிப் பிடித்து, செவுளை விரித்துக் காட்டினாள். நேற்றைய மீன் என்றாள் அவள். உன் மாமியாதான் நேற்றைய மீன் என்றாள் இவள். இரண்டு பேரும் தெருவே கேட்கப் பேரம் பேசி முடிப்பதற்குள் கூடை இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டது. கண்ணாடித் தம்பி எல்லாவற்றையும் போனில் பிடித்தார். பெரிய தம்பி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கயிறு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நைனா, மூக்க மூடிக்கினா மீனு தெரியுமா?” என்றாள் நாத்தனார்.

அவர் கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போய்விட்டது, ஆனாலும் அவள் போகிற வரைக்கும் நின்றார்.

பத்து நாள் அந்த ஆறு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் போட்ட டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது. பதினோராவது நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மாற்றினதை அன்றைக்குள் அனுப்பச் சொல்லி மும்பையிலிருந்து கேட்டிருந்தார்கள், மறுபடியும் மாற்றுவதற்கு நேரம் கிடையாது. நான் கவிழ்த்தால் அவ்வளவுதான். கண்ணாடித் தம்பி பின்னால் உட்கார்ந்தார். பெரிய தம்பி வழக்கமான சுவர் ஓரத்துக்கு வந்தார், ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மீன்காரம்மாவை வாசலில் நிறுத்தினேன். தொட்டேன். கூவினாள். நீலக் கோடு குறைந்தது. நான் காத்திருந்தேன். மூன்றாவது மாடியிலிருந்து கயிறு ஆடி ஆடி இறங்கியது.

மீனைக் கூடையில் போடாமல், முதலில் தூக்கிச் செவுளைக் காட்டினேன். மேலே இருந்தவள் தலையை ஆட்டினாள். போட்டேன். கூடை ஏறியது. கடைசி வரைக்கும் போனைக் கவிழ்க்கவில்லை. நிமிர்ந்த வாக்கில் மேஜைமேல் வைத்துவிட்டு, கதவைத் திறந்தேன். பெரிய தம்பி படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மும்பைக் கம்பெனி அந்தக் கேமை எடுத்துக்கொண்டது. ஆபீஸ் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னது சரி என்று பெரிய தம்பி இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. புதிதாக எதையாவது ஆட நான் உட்கார்ந்தால், அவர் தானாக எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுகிறார்.